‘வண்டியைத் தொடாதே’ என்பவர்களுக்கு

“டிரைவர் ஓட்டினால் போதும். பழுது பார்ப்பது கம்பெனிக்காரன் வேலை.” லாரித் தொழிலையே நம்பி வளர்ந்த நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில்கூட இன்று இதுதான் பொதுக்கருத்து. ஷோரூமில் சொல்கிறார்கள், வண்டி முதலாளிகள் சொல்கிறார்கள், ஃபைனான்ஸ்காரர்கள் சொல்கிறார்கள். காலமெல்லாம் ஸ்டியரிங் பிடித்த டிரைவர்களும் இப்போது அதையே திருப்பிச் சொல்கிறார்கள். வழியில் வண்டி நின்றால் ஹசார்ட் லைட்டைப் போட வேண்டும், கம்பெனி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும், கேபினில் ஏறிப் படுத்துக்கொள்ள வேண்டும். ஸ்பானரை எடுக்கிறவன் பழைய காலத்து ஆள்.

இது தவறான கருத்து. இதை நம்பி டிரைவர்களும் ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் முதலாளிகளும் நிறைய இழந்துவிட்டார்கள். ஆனால் மறுப்பதற்கு முன் அந்தத் தரப்பை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுவதுதான் முறை.

அவர்கள் சொல்வது இது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த லாரிகள் பி.எஸ்.6 என்ற புகை விதிக்கு உட்பட்ட வகை. பழைய 1613 மாடல் வண்டியில் நாசில் திறக்க 200 சொச்சம் பார் அழுத்தம் போதும். இன்றைய காமன் ரெயிலில் 1,600, 2,000 பார் என்று ஓடுகிறது. டீசலை எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு கம்ப்யூட்டர். புகைக்குழாயில் கரித்துகளை வடிகட்டும் டி.பி.எஃப்., யூரியா பீய்ச்சும் எஸ்.சி.ஆர்., அவற்றுக்கு முன்னும் பின்னும் சென்சார்கள். இதில் ஸ்பானரோடு இறங்குகிறவன் கெடுத்துத்தான் வைப்பான். இரண்டாவது, தொட்டால் வாரண்டி போய்விடும். மூன்றாவது, நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டிக்கு அடியில் படுத்து உயிரை விட்டவர்கள் ஏராளம். நான்காவது, சர்வீஸ் வேன் இருக்கும்போது டிரைவர் ஏன் நேரத்தை வீணாக்க வேண்டும்? ஐந்தாவது, அரைகுறை வைத்தியம் நோயைவிட மோசம். ஆறாவது, டிரைவரை மெக்கானிக் வேலையும் செய்யச் சொல்வது கூலியில்லாமல் உழைப்பைப் பிடுங்குவது.

இந்த ஆறும் வெறும் சாக்குகள் அல்ல. கடைசி வாதத்தில் கனமான நியாயம் இருக்கிறது. ஆனால் இவற்றிலிருந்து ‘வண்டியைத் தொடாதே’ என்ற முடிவு எப்படி வருகிறது?

1. புது வண்டி முழுக்கக் கம்ப்யூட்டராம்!

வழியில் ஒரு லாரி எதனால் நிற்கிறது? டீசலில் தண்ணீர், ஃபில்டர் அடைப்பு, டீசல் லைனில் ஏர், டர்போ ஹோஸ் கழன்றது, ஃபேன் பெல்ட் அறுந்தது, ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது, பிரேக் ஏர் பைப் உரசி ஓட்டையானது, பேட்டரி டெர்மினல் லூஸ், எர்த் வயர் துரு, ஃபியூஸ் போனது, டயர் பஞ்சர். இந்தப் பட்டியலில் எது 2020-இல் பிறந்தது? இன்ஜினின் மூளை மாறியது உண்மை. ரப்பர் ஹோஸும் கிளாம்பும் வாஷரும் பெல்ட்டும் மாறவில்லை. அவை தேய்கின்றன, உரசுகின்றன, தளர்கின்றன. கம்ப்யூட்டர் அவற்றைப் பார்க்க முடியாது. அவற்றால் விளைந்த கோளாறைத்தான் பார்க்கிறது. பார்த்துவிட்டு ஒரு செக் லைட்டை எரியவிடுகிறது.

ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். லோடு வண்டி ஏற்றத்தில் இழுக்காமல் திணறுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் ஏறி இறங்குகிறது. கொஞ்ச தூரத்தில் நின்றேவிடுகிறது. செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. டிரைவர் இறங்கிப் பார்க்கிறார். எங்கேயும் டீசல் ஒழுகவில்லை. ஆக டீசல் லைனில் குறையில்லை, இது சென்சார் சமாசாரம் என்று போனை எடுக்கிறார்.

பிழை அங்கேதான். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசலை யாரும் தள்ளுவதில்லை, பம்ப் உறிஞ்சுகிறது. அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஒழுகாமல் இருப்பது நல்லதற்கான அடையாளமே இல்லை. டேங்கில் தொடங்கி ஹோஸை விரலால் தடவிக்கொண்டே வந்தால், சேசிஸில் கிளிப் கடிக்கும் இடத்தில் உரசல் தட்டுப்படும். அல்லது ஃபில்டர் தலையில் இருக்கும் பேன்ஜோ போல்ட் அரைச் சுற்று இறுகும். போல்ட்டின் செம்பு வாஷர் நசுங்கித் தகடாகியிருந்தால் புது வாஷர் போட வேண்டும். கையில் இல்லையா? பழைய வாஷரையே ஸ்டவ் நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மறுபடி இளகும். பட்டறை போய்ச் சேரும்வரை தாங்கும். பிறகு ஃபில்டர் தலையைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்க வேண்டும். முதலில் நுரை தள்ளும். அடிக்க அடிக்க நுரை குறைந்து, குமிழியில்லாத டீசல் ஒரே ஓட்டமாக வரும். பம்ப் கைக்கு இறுகும். ஸ்குரூவை முடுக்கிவிட்டுச் செல்ஃப் அடித்தால் வண்டி பிடிக்கும். பி.எஸ்.6 லாரிகள் பலவற்றிலும் அந்தக் கைப்பம்ப் இருக்கிறது. டிரைவர் தொடவே கூடாது என்றால் அதை எதற்காக வைத்தார்கள்?

இதில் ஒரு எல்லைக்கோடு உண்டு. பழைய வண்டியில் இன்ஜெக்டர் யூனியனைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து ஏர் எடுப்பார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. அங்கே இருக்கும் அழுத்தம் லாரி டயரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு. ஊசிமுனை அளவு பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் அதிகம் இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடாவிட்டால் விரலோ கையோ போகும்.

இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஃபில்டர்வரை தொடலாம், ஹை பிரஷர் பம்புக்கு அப்பால் தொடக் கூடாது என்று கற்றவனுக்குத் தெரியும். ‘எதையும் தொடாதே’ என்று மட்டும் சொல்லி வளர்க்கப்பட்டவனுக்கு எல்லாக் குழாயும் ஒன்றுதான். அவனும் காலமெல்லாம் சும்மா இருக்கப்போவதில்லை. ஆதிலாபாத் பக்கம் நடுராத்திரியில் வண்டி நின்று, போனில் பேட்டரியும் தீர்ந்து, முதலாளியின் கோபமும் ஏறினால், பக்கத்துத் தாபாவில் யாரோ சொன்னதைக் கேட்டு ஏதோ ஒரு நட்டைத் திருகத்தான் செய்வான். எதைத் தொடக் கூடாது என்பதும் பழுது பார்க்கும் அறிவுதான். மொத்தத் தடை முதலில் அழிப்பது அந்த அறிவைத்தான்.

கம்ப்யூட்டரும் புரியாத மந்திரம் அல்ல. ஜே1939 என்ற பொது முறையில் பேசும் லாரிகள் எல்லாவற்றிலும் பொதுக் கோளாறு எண்கள் ஒன்றே. எஸ்.பி.என். 100 என்றால் இன்ஜின் ஆயில் பிரஷர். 110 என்றால் இன்ஜின் தண்ணீரின் சூடு. 157 ரெயில் பிரஷர். 1761 யூரியா டேங்க் மட்டம். இவற்றை ஒரு அட்டையில் தமிழில் அச்சடித்து சன்வைசரில் ஒட்டிவிடலாம். 1761-க்கு அடுத்த பங்க்வரை ஓட்டலாம். 100 வந்து ஆயில் லைட்டும் எரிந்தால் அந்த நொடியே இன்ஜினை அணைக்க வேண்டும். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் பேரிங் உருகி கிராங்க் போய்விடும். இரண்டுக்கும் ஒரே மஞ்சள் பயத்தோடு போனை எடுப்பவர் முதலாவதில் நேரத்தை இழக்கிறார். இரண்டாவதில், யாராவது போனை எடுக்கும்வரை ஓட்டிப் பார்ப்போம் என்று நினைத்தால், இன்ஜினையே இழக்கிறார்.

2. வாரண்டி போய்விடுமாம்!

எந்த வாரண்டி? ஃபேன் பெல்ட், ஃபில்டர், ஹோஸ், ஃபியூஸ், பல்பு போன்ற தேய்மானச் சாமான்களை வாரண்டி புத்தகங்கள் பொதுவாக முதல் பக்கங்களிலேயே விலக்கி வைத்துவிடுகின்றன. கம்பெனி பொறுப்பேற்காத பொருளை டிரைவர் மாற்றினால் கம்பெனிக்கு என்ன நட்டம்? பம்பையும் இன்ஜெக்டரையும் கம்ப்யூட்டரையும் பிரிக்கக் கூடாது என்றால் அது சரி. யாரும் பிரிக்கச் சொல்லவில்லை. ஆனால் வாரண்டி என்ற சொல்லால் வண்டியின் ஒவ்வொரு நட்டுக்கும் பூட்டுப் போடுகிறார்கள்.

இந்த விஷயம் சட்டத்தின் முன் வந்திருக்கிறது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள்மீது சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிப் பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தது குற்றச்சாட்டு. வெளியே பழுது பார்த்தால் வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, அந்த வேலையின் கோளாறால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்குத்தான் வாரண்டியை மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடுகள் நடந்தன. வழக்கும் கார்களைப் பற்றியது, லாரிகளைப் பற்றியது அல்ல. ஆனாலும் அந்த நியாயம் காருக்கு ஒன்று, லாரிக்கு வேறு என்று ஆகுமா? வீட்டுக் கார் ஒரு வாரம் நின்றால் அசௌகரியம். லாரி ஒரு வாரம் நின்றால் டியூ நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. நம்முடைய பி.எஸ்.6 ஐரோப்பாவின் யூரோ 6 விதிகளைப் பின்பற்றி எழுந்தது. கனரக வாகனங்களுக்கான அந்த ஐரோப்பிய விதிமுறையின் எண் 595/2009. அதன் தலைப்பிலேயே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: ஒன்று புகைக் கட்டுப்பாடு, மற்றொன்று வாகனப் பழுதுபார்ப்பு, பராமரிப்புத் தகவல்கள் எல்லோருக்கும் கிடைப்பது. புகை அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே தலைப்பில் இருந்த இரண்டாம் பாதியை ஏன் விட்டோம்? 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் நலத் துறை பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. ‘தொடாதே’ என்ற பேச்சை நாமே வாங்கிப் பரப்பிக்கொண்டிருந்தால் அந்த உரிமையை யாருக்காகக் கேட்பது?

3. ரோட்டில் இறங்கினால் சாவாம்!

நின்ற லாரி ஆபத்து என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து அறிக்கையில் நின்றிருந்த வாகனத்தில் மோதிய விபத்துகளுக்கென்று தனி வரியே இருக்கிறது. ஆனால் அந்த ஆபத்து எதைப் பொறுத்தது? லாரி எவ்வளவு நேரம், எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வேன் வரும்வரை இரவெல்லாம் ஓரத்தில் நிற்கும் வண்டி, கழன்ற ஹோஸை மாட்டிவிட்டு அரை மணியில் கிளம்பும் வண்டியைவிட எப்படிப் பாதுகாப்பாகும்? ஹசார்ட் லைட் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். விடிவதற்குள் அதுவும் மங்கிவிடும்.

தொப்பூர் கணவாயை நினைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் ஒரு லாரியின் நைலான் ஏர் பைப் சேசிஸில் உரசி அறுகிறது. ஏர் இறங்கியதும் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது. அது அப்படித்தான் செய்ய வேண்டும். அதன் வேலையே அதுதான். இப்போது லாரி ஓடுபாதையின் நடுவே பூட்டிக்கொண்டு நிற்கிறது. நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குப் போன் செய்யத்தான் வேண்டும், ரோந்து வண்டியும் கிரேனும் வரத்தான் வேண்டும். ஆனால் சக்கரம் பூட்டிய லாரியைக் கிரேன் எப்படி நகர்த்தும்? ஏர் ஏற்ற வேண்டும், அல்லது பிரேக் சேம்பரின் பக்கவாட்டில் சொருகியிருக்கும் ரிலீஸ் போல்ட்டைப் பின்புறத் துளையில் மாட்டி நட்டை முடுக்கி ஸ்பிரிங்கை அடக்க வேண்டும். டூல் பாக்ஸில் கை நீளத்துக்கு நைலான் பைப்பும் இரண்டு யூனியனும் வைத்திருக்கிற டிரைவர், முன்னும் பின்னும் சக்கரங்களுக்குக் கட்டை போட்டுவிட்டு, அறுந்த முனையைக் கத்தியால் நேராக வெட்டி யூனியனில் செருகி, ஏர் ஏறியதும் வண்டியை அவரே ஓரங்கட்டிவிடுவார். அது தெரியாதவர் முக்கோணப் பலகையைப் பிடித்துக்கொண்டு, இறக்கத்தில் வரும் ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக் கையாட்ட வேண்டியதுதான்.

இங்கும் எல்லைக்கோடு உண்டு. இறக்கத்தில் கட்டை போடாமல், கிரேன் கொக்கி மாட்டாமல் ரிலீஸ் போல்ட்டைத் தொட்டால் வண்டி உருண்டுவிடும். சேம்பரின் வளையக் கிளாம்பை எந்தக் காலத்திலும் கழற்றக் கூடாது. உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் எதிரில் இருப்பவர் பிழைக்க மாட்டார். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. வளைவிலோ பாலத்திலோ நின்றால் சரிசெய்யும் வேலையே வேண்டாம், ஆள் விலகி நின்று உதவி கேட்பதுதான் புத்தி. இத்தனையும் சொல்லித்தர வேண்டும். இவற்றைச் சொல்லித்தராமல் ‘ஆபத்து’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் ஆபத்தைக் குறைக்கவில்லை.

எச்சரிக்கைக்கு வைத்த கல்லை எடுக்காமல் கிளம்பும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். வண்டிக்குப் பின்னால் வரிசையாகப் பாறாங்கல் வைத்து, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுப் போகிறார்கள். அடுத்து வரும் பைக்காரன் அதில் ஏறிச் சாகிறான். இது பழுது பார்த்ததன் குற்றம் அல்ல, மனிதக் குற்றம். மன்னிக்கவே முடியாதது.

4. வேன் வருமாம்!

எப்போது? சர்வீஸ் சென்டர்கள் பெரிய ஊர்களில் இருக்கின்றன. வண்டிகள் ஊருக்கு நடுவில் நிற்பதில்லை. எனக்குப் பழக்கமான ஒரு டிரைவர் கர்னூலுக்கு வடக்கே சாயங்காலம் நின்றுவிட்டார். இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. கம்பெனி எண்ணில் தமிழ் பேசும் பையன் ஒருவன் கிடைத்தான்.

“அண்ணா, நீங்க எதையும் தொட வேண்டாங்ணா. நம்ம ஆளு வந்து ஸ்கேனர் போட்டுப் பார்ப்பாரு.”

“எப்பங்க தம்பி வருவாரு?”

“கம்ப்ளைன்ட் பதிஞ்சாச்சுங்ணா.”

மறுநாள் மதியம் வேன் வந்தது. வந்தவர் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு, கிராங்க் சென்சாருக்குப் போகும் சாக்கெட்டைக் கழற்றி, உள்ளே இருந்த ஆயில் பிசுக்கைத் துடைத்து, டிக் என்று சத்தம் வரும்படி மறுபடி அழுத்தினார். செல்ஃப் அடித்ததும் வண்டி பிடித்துவிட்டது. அந்த இரவு முழுதும் டிரைவர் அதே சாக்கெட்டுக்கு ஒரு கை தூரத்தில்தான் படுத்திருந்தார். சாவியை அணைத்து, பேட்டரி கட்-ஆஃப் போட்டு, எந்தச் சாக்கெட் லூஸாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள் என்று போனிலேயே சொல்லியிருக்கலாமே! சொல்லக் கூடாது என்பது விதி.

இதற்கிடையில் லோடுக்கு என்ன ஆனது? இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லும். காலாவதிக்கு முந்தைய அல்லது பிந்தைய 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்க வேண்டும். தவறவிட்டு வழியில் செக்கிங்கில் சிக்கினால் அபராதம். இறக்க வேண்டிய இடத்தில் முறை தப்பினால் ரிட்டர்ன் லோடும் தப்பும். ஐம்பது வண்டி வைத்திருக்கிற கம்பெனிக்கு இது ஒரு வரிக் கணக்கு. ஒரே வண்டியை டியூவில் வாங்கி ஓட்டுகிறவருக்கு அந்த மாதமே போச்சு.

5. அரைகுறை வைத்தியமாம்!

ஆமாம், அரைகுறை வைத்தியம் நடக்கிறது. இந்த விஷயத்தில் ‘தொடாதே’ அணியைவிட எனக்குக் கோபம் அதிகம். ஃபியூஸ் போனால் அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுகிறார்கள். அடுத்த ஷார்ட்டில் ஃபியூஸுக்குப் பதிலாக வயரிங் எரிகிறது, கேபின் எரிகிறது. கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்து முகத்தை வேகவைத்துக்கொள்கிறார்கள். சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிகிறார்கள்.

யூரியா விவகாரம் இன்னும் மோசம். எஸ்.சி.ஆருக்கு ஊற்ற வேண்டியது 32.5 சதவீதம் யூரியா கலந்த சுத்தமான திரவம். அதற்குப் பதில் உர மூட்டை யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் 2015 முதல் உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்தப் பூச்சும் குழாய்த் தண்ணீரின் உப்பும் டோசிங் நாசிலை அடைத்து, கேட்டலிஸ்ட்டையும் பாழாக்கும். மிச்சப்பட்டது கொஞ்சம், செலவாவது லட்சக்கணக்கில். அதைவிட ஒரு படி மேலே போய், கம்ப்யூட்டரை ஏமாற்றும் எமுலேட்டர் பெட்டி மாட்டுகிறார்கள். அது பழுது பார்ப்பதே அல்ல. ஊர்க் காற்றில் விஷத்தை விடும் மோசடி.

சரி, இவற்றையெல்லாம் செய்கிறவர்கள் யார்? நன்றாகக் கற்றவர்களா, கற்காதவர்களா? கம்பி சுற்றுகிறவருக்கு ஃபியூஸ் எதற்காக இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. அரைகுறை அறிவுக்கு மருந்து மீதி அறிவைக் கொடுப்பது. இருக்கிற அரையையும் பிடுங்கினால் அந்த ஆள் திருந்திவிடுவாரா? வண்டியும் நிற்காமல் போய்விடுமா? நீச்சல் தெரியாதவன் மூழ்குகிறான் என்பதற்காக ஆற்றங்கரை ஊரில் நீச்சலைத் தடை செய்கிற மாதிரியான யோசனை இது.

முன்பு இந்த அறிவைக் கொடுக்க ஒரு வழி இருந்தது. லாரிக்கு ஒரு கிளீனர் இருப்பார். டயர் தட்டிப் பார்ப்பதில் தொடங்கி, கிரீஸ் அடித்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, டிரைவரிடம் திட்டு வாங்கி, ஐந்தாறு வருஷத்தில் வண்டியின் ஒவ்வொரு சத்தத்தையும் காதால் பிரித்து அறிகிற ஆளாகி ஸ்டியரிங்குக்கு வருவார். அந்தப் பயிற்சியில் கொடுமையும் நிறைய இருந்தது. சிறுவர்களை வேலைக்கு வைத்தார்கள், அடித்தார்கள். அது போக வேண்டிய முறைதான். ஆனால் கிளீனரை இறக்கிவிட்டு ஒற்றை டிரைவராக வண்டியை அனுப்பத் தொடங்கியபோது, அந்தப் படிப்புக்கு மாற்றாக எதை வைத்தார்கள்? எதையும் வைக்கவில்லை. கூலியை மிச்சம் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

சட்டம் இந்த அறிவைக் கேட்கவே செய்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 31-வது விதி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்கான பாடத்திட்டத்தைச் சொல்கிறது. வாகன இயக்கமுறையும் பழுதுபார்ப்பும் என்று அதில் தனிப் பகுதியே உண்டு. பராமரிப்புக்கு வேறொரு பகுதி. ‘டிரைவர் ஓட்டினால் போதும்’ என்று நாட்டின் விதி எங்கும் சொல்லவில்லை. எட்டுப் போட்டுக் காட்டினால் போதும் என்று பயிற்சிப் பள்ளிகளும், போதும் என்று கையெழுத்துப் போட்ட அதிகாரிகளும் ஆக்கி வைத்தார்கள். கோளாறு அங்கே இருக்க, தண்டனையை டிரைவரின் கைக்குக் கொடுப்பது என்ன நியாயம்?

6. டிரைவரை ஏய்ப்பதாம்!

இந்த வாதத்தைச் சொல்கிறவர்கள்முன் நான் தலைவணங்குகிறேன், ஏனென்றால் இவர்கள் மட்டும்தான் வண்டியை விட்டுவிட்டு மனிதனைப் பார்க்கிறார்கள். ராத்திரி முழுக்க ஓட்டிய ஆளை விடிகாலையில் வண்டிக்கு அடியில் அனுப்பி, கை நிறையக் கிரீஸோடு மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, அதற்கு ஒரு பைசாகூடத் தராமல் இருப்பது கொள்ளை. பழுது சரியானால் முதலாளிக்கு மிச்சம். சரியாகாவிட்டால் ‘நீதான் கெடுத்தாய்’ என்று படியில் பிடித்தம். இந்த நிலையில் ஒரு டிரைவர் ‘நான் தொட மாட்டேன்’ என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் கூலி கொடுக்காததற்கு விடை கூலி கொடுப்பது. வேலையையே மறந்துவிடச் சொன்னால் டிரைவருக்கு என்ன கிடைக்கிறது? பேரம் பேச அவர் கையில் இருந்த ஒரே பலமும் போகிறது. வண்டியை அறிந்த டிரைவரை இழக்க முதலாளி யோசிப்பார். ஓட்ட மட்டும் தெரிந்தவரை மாற்ற அரை நாள் போதும். ‘ஓட்டினால் போதும்’ என்று மரியாதைபோலச் சொல்லப்படும் பேச்சு, டிரைவரை யாரை வேண்டுமானாலும் போட்டு நிரப்பக்கூடிய இருக்கையாக ஆக்கிவிடுகிறது. இருபது ஆண்டு அனுபவத்துக்கும் இரண்டு ஆண்டு அனுபவத்துக்கும் ஒரே படி என்ற இன்றைய நிலைக்கு இதுவும் ஒரு காரணம் என்பதே என் எண்ணம்.

சட்டமும் டிரைவர் பக்கம்தான் இருந்திருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் போக்குவரத்து நிறுவனங்களுக்காக 2025 வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு வைத்தது. அந்த வேலை நேரம் என்பதற்குள் வண்டி ஓடும் நேரம் மட்டுமல்லாமல், வண்டியைப் பராமரிக்கும், பழுது பார்க்கும் நேரமும் அடங்கியது. அறுபது ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்த கணக்கு இது. இன்று எத்தனை டிரிப் ஷீட்டில் இது இருக்கிறது? டீசலுக்குக் கட்டம் இருக்கிறது, டோலுக்கு, பார்க்கிங்குக்கு, லோடிங் மாமூலுக்குக்கூட இருக்கிறது. வண்டி வழியில் நின்று, டிரைவர் சரிசெய்து கிளப்பினால், எத்தனை மணிக்கு நின்றது, என்ன கோளாறு, என்ன சாமான் போட்டார், எத்தனை மணி நேரம் ஆனது, அதற்கு எவ்வளவு கூலி என்று எழுத ஒரு கட்டம் இல்லை. லாரி உரிமையாளர் சங்கங்கள் அடுத்த டிரிப் ஷீட் புத்தகம் அச்சடிக்கும்போது அந்தக் கட்டத்தைப் போடட்டும். டூல் பாக்ஸில் ஒரு செட் ஸ்பானர், ஒரு ஃபேன் பெல்ட், ஒரு டீசல் ஃபில்டர், செம்பு வாஷர்கள், நைலான் பைப், யூனியன், ஃபியூஸ், கிளாம்ப் ஆகியவற்றை முதலாளி செலவில் வைக்கட்டும். கோளாறு எண்களைத் தமிழில் எழுதிய அட்டையை வண்டி விற்கும் கம்பெனி கொடுக்கட்டும். டிரைவர் சரிசெய்ய முயன்று முடியாமல் போனால் பிடித்தம் கிடையாது என்று அதே டிரிப் ஷீட்டின் அடியில் முதலாளி கையெழுத்துப் போடட்டும். இவ்வளவும் செய்த பிறகும் ஒரு டிரைவர் ஸ்பானரைத் தொட மறுத்தால், அப்போது வந்து என்னிடம் வாதாடுங்கள்.